இரண்டு டிஸ்க் போடும் பெட்டி: நம் கணக்கைக் காக்க எந்த முறை?



முன்பெல்லாம் கூட்டமைப்பின் கணக்கு முழுவதும் பேரேட்டிலும் தீர்மான நோட்டிலும்தான் இருந்தது. இப்போது சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் தவணை, உறுப்பினர் போட்டோ, ஆதார் நகல் என்று பலதும் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. அதில் இருக்கிற ஹார்டு டிஸ்க் ஒருநாள் நின்றுபோனால்? யார் எவ்வளவு கட்டினார்கள், யாருக்கு எவ்வளவு பாக்கி என்று தேடி அலைய வேண்டியதுதான். கூட்டத்தில் சண்டையும் சந்தேகமும் வரும்.

இதற்காகவே இரண்டு ஹார்டு டிஸ்க் போடுகிற வெளிப்பெட்டி கடைகளில் கிடைக்கிறது. யு.எஸ்.பி. வயர் மூலம் கம்ப்யூட்டரோடு இணைத்துக்கொள்ளலாம். ஆனால் பெட்டி வாங்கினால் மட்டும் போதாது. உள்ளே இரண்டு டிஸ்க்கும் எப்படி வேலை செய்யணும் என்று நாம்தான் முடிவு செய்யணும். "ரெய்டு எது வேணும்?" என்று கடைக்காரர் கேட்பார். பல டிஸ்க்குகளைச் சேர்த்து வேலை வாங்கும் முறைதான் ரெய்டு. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். 2 டெராபைட் டிஸ்க் இரண்டு இருப்பதாக வைத்துக்கொண்டு பார்ப்போம்.

ரெய்டு 0: ஒவ்வொரு கணக்கையும் துண்டு துண்டாகப் பிரித்து இரண்டிலும் மாறி மாறி எழுதும். 4 டெராபைட் இடமும் கிடைக்கும், வேகமும் கூடும். ஆனால் ஒரு டிஸ்க் போனால் எல்லாமே போச்சு. பேரேட்டின் ஒற்றைப்படைப் பக்கம் ஒரு நோட்டிலும் இரட்டைப்படைப் பக்கம் இன்னொரு நோட்டிலும் எழுதினது மாதிரி. ஒன்று தொலைந்தால் மற்றது எதற்கு உதவும்?

ரெய்டு 1: ஒரே கணக்கை இரண்டிலும் அப்படியே எழுதும். 2 டெராபைட் இடம்தான் கிடைக்கும். ஆனால் ஒன்று கெட்டாலும் மற்றது வேலை செய்யும். சந்தாப் பணத்தைப் பேரேட்டிலும் பாஸ்புக்கிலும் எழுதுகிறோமே, அதே யோசனைதான்.

தனித்தனி முறை: இரண்டும் தனி டிஸ்க்காகத் தெரியும். ஒன்றில் இருப்பதை மற்றதில் நாமே காப்பி எடுக்கணும். பெட்டியில் 'ஜேபாட்' என்று போட்டிருக்கலாம். சில கம்பெனிகள் இரண்டையும் ஒரே டிஸ்க்காகச் சேர்ப்பதையும் இந்தப் பெயரில்தான் சொல்கிறார்கள். அப்படிச் சேர்த்தால் பாதுகாப்பு இல்லை. விசாரித்து வாங்குங்கள்.

நமக்கு எது சரி?

1 டெராபைட்டில் சுமார் 4 மெகாபைட் போட்டோ இரண்டரை லட்சம் வைக்கலாம். நம் கணக்குக்கு இடமும் வேகமும் பெரிய பிரச்சினை இல்லை. பத்திரம்தான் முக்கியம். எனவே ரெய்டு 1 போதும், ரெய்டு 0 வேண்டாம்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. கணக்காளர் 500 என்பதை 50 என்று பேரேட்டிலும் பாஸ்புக்கிலும் தப்பாக எழுதினால் இரண்டும் தப்புதானே? ரெய்டு 1-லும் அப்படித்தான். கை தவறி அழித்தால் இரண்டிலும் அழியும். வைரஸ் வந்தாலும் அதே கதி. திருட்டு, தீ, வெள்ளம் வந்தால் பெட்டியோடு போகும். அதனால் வாரம் ஒருமுறை தனி டிஸ்க்கில் காப்பி எடுத்து, வேறு இடத்தில் பூட்டி வைக்கணும்.

மொத்தமே இரண்டு டிஸ்க்குக்குத்தான் பணம் இருக்கிறதா? அப்போது ரெய்டை விட, இரண்டையும் தனித்தனியாக வைத்து ஒன்றை வேறு இடத்தில் வைப்பதே மேல். ஆனால் வாரம் தவறாமல் காப்பி எடுக்க ஒருவர் பொறுப்பு ஏற்கணும்.

கவனிக்க வேண்டியவை

• இரண்டு டிஸ்க்கும் ஒரே அளவாக இருக்கட்டும். ரெய்டு 1-ல் 1 டெராபைட்டும் 2 டெராபைட்டும் போட்டால் 1 டெராபைட்தான் கிடைக்கும்.

• கணக்கு ஏற்றுவதற்கு முன்பே முறையைத் தேர்ந்தெடுங்கள். பிறகு மாற்றினால் உள்ளே இருப்பது பொதுவாக அழிந்துவிடும்.

• ஒரு டிஸ்க் கெட்டால் பெட்டி எப்படித் தெரிவிக்கும், எந்த விளக்கு எரியும் என்று கேட்டு எழுதி வையுங்கள். கவனிக்காமல் விட்டால் அடுத்ததும் போய்விடலாம்.

• கெட்டதை எடுத்துவிட்டு, அதே அளவோ பெரியதோ போடுங்கள். பழையபடி நகல் ஆகப் பல மணி நேரம் பிடிக்கும். அதுவரை கரண்டை நிறுத்தாதீர்கள்.

• கரண்ட் அடிக்கடி போகும் ஊரில் யு.பி.எஸ். அவசியம்.

• மூன்று மாதத்துக்கு ஒருமுறை காப்பி டிஸ்க்கைத் திறந்து, ஒரு குழுவின் கணக்கைப் பேரேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

டிஸ்க்கில் இருப்பது நம் உறுப்பினர்களின் வியர்வைக் காசின் கணக்கு. ஆதார் நகலும் இருப்பதால் பாஸ்வேர்டு போட்டு வைப்பது நல்லது. எந்த முறை, யார் காப்பி எடுப்பது, சாவி யாரிடம் என்ற மூன்றையும் அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் பேசித் தீர்மானமாக எழுதுவோம். கம்ப்யூட்டர் தெரிந்த ஒருவரிடம் விட்டுவிடாமல், எல்லோரும் கேட்டுத் தெரிந்துகொள்வோம்.