தோற்றவருக்கு இன்னோர் ஆட்டம்

எட்டுக் கல்லூரிகள் ஒரு கோப்பைக்காகப் போட்டியிடுகின்றன. தோற்ற அணி அப்போதே வெளியேற வேண்டும் என்பது விதி. வெற்றியாளரைக் காண எத்தனை ஆட்டங்கள் தேவை? அட்டவணை எழுதிப் பார்க்க வேண்டுவதில்லை. ஓர் அணி எஞ்ச வேண்டுமாயின் ஏழு அணிகள் தோற்றாக வேண்டும். ஆட்டத்திற்கு ஒரு தோல்வி. ஆகவே 7 ஆட்டங்கள். ஓய்வு பெற்ற பின்னும் கணக்குக் கேட்கும் பழக்கம் என்னை விட்டபாடில்லை.

இம்முறை சிக்கனமானது. நியாயமானதா என்பதே கேள்வி. மரக்காணத்து உப்பளங்களை அடுத்த பள்ளியொன்றில் நான் தலைமையாசிரியனாக இருந்தபோது, எங்கள் சடுகுடுக் குழு ஆண்டுதோறும் வெளியூர்ப் போட்டிக்குச் செல்லும். விடுமுறை நாட்களில் பாத்திகளில் பெற்றோருக்குத் துணை நின்று உப்பு வாரும் பிள்ளைகள் அவர்கள். விடியற்காலையில் பேருந்து ஏறுவார்கள். முதல் ஆட்டத்தில் தோற்றால், ஓராண்டுப் பயிற்சி முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். "இன்னோர் ஆட்டம் இல்லையா, ஐயா?" என்று ஒருவனாவது கேட்காமல் நாங்கள் ஊர் திரும்பியதில்லை.

அமெரிக்கக் கல்லூரிகளின் பேஸ்பால் போட்டிகளில் அந்த இன்னோர் ஆட்டம் உண்டு. அங்கே அண்டைக் கல்லூரிகள் பல சேர்ந்து கூட்டமைப்புகளாக இயங்குகின்றன. கூட்டமைப்பின் கோப்பையை வெல்லும் அணிக்குத் தேசியப் போட்டியில் இடம் கிடைக்கும். பேஸ்பாலில் 60 அடி 6 அங்குலத் தொலைவிலிருந்து பந்தெறியும் ஒருவரது கையே பெரும்பாலும் ஆட்டத்தின் போக்கை வகுக்கிறது. அந்தக் கை ஒருநாள் தடுமாறினால் வலிய அணியும் வீழும். எனவே இருமுறை தோற்ற பின்னரே வெளியேற்றுவது அவர்கள் நெடுங்காலமாகக் கையாண்டு வரும் வழக்கம். முதன்முறை தோற்ற அணி கீழ் வரிசைக்குச் சென்று, அங்குள்ளவர்களை வென்று மேலேறி வரலாம். கணக்கு முன்போலவேதான்: ஏழு அணிகள் இருமுறை தோற்க வேண்டும், எனவே 14 ஆட்டங்கள். வாகை சூடிய அணியும் இடையில் ஒருமுறை தோற்றிருந்தால் 15.

ஆனால் இந்த இரண்டாம் வாய்ப்பு இலவசமன்று. பாத்தியில் விளைந்த உப்பை மழை கரைத்துவிட்டால், மறுபடி நீர் பாய்ச்சி விளைவிக்கலாம். போன நாட்கள் போனவையே. கீழ் வரிசையில் விழுந்த அணியும் அதே சில நாட்களுக்குள் கூடுதல் ஆட்டங்கள் ஆட வேண்டும். முழு ஆட்டம் பந்தெறிந்தவருக்கோ பல நாள் ஓய்வு தேவை. முதல் நாள் தோற்று இறுதிவரை வரும் அணி, களைத்த கைகளோடுதான் வந்து சேர்கிறது. 16 கல்லூரிகளைக் கொண்ட தென்கிழக்குக் கூட்டமைப்பு 2025-இல் தன் போட்டியை ஒரே தோல்வி முறைக்கே மாற்றிக்கொண்டது. எனினும் 1950 முதல் ஒமாஹா நகரில் நடந்துவரும் கல்லூரிகளின் தேசிய இறுதிச் சுற்றில் இரு தோல்வி முறை நிலைத்திருக்கிறது. 2003 முதல் அதன் இறுதிப் போட்டி மட்டும் மூன்று ஆட்டங்களில் இரண்டை வெல்வோருக்கு உரியது.

நம் நாட்டிலும் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டிகள் பழைமையானவை. கிரிக்கெட்டுக்குரிய ரோஹின்டன் பாரியா கோப்பை 1935-இல் தொடங்கியது. பல விளையாட்டுகளில் முதலில் மண்டல அளவில் மோதி, அங்கு முன்னிற்கும் அணிகள் பின்னர் அகில இந்தியப் போட்டியில் சந்திக்கின்றன. எல்லாரும் எல்லாரோடும் ஆடும் முறையும் உண்டு. எட்டு அணிகளுக்கு அது 28 ஆட்டமாகும். அத்தனை நாட்களுக்கு மைதானமும் சாப்பாடும் யார் தருவார்?

பள்ளிகளுக்கு நான் பரிந்துரைப்பது வேறு. எட்டு அணிகளை நான்கு நான்காகப் பிரியுங்கள். ஒவ்வொரு பிரிவிலும் எல்லாரும் எல்லாரோடும் ஆடினால் பிரிவுக்கு 6, ஆக 12. பிரிவுக்கு இருவராக நால்வர் மோதும் அரையிறுதி 2, இறுதி 1. மொத்தம் 15, இரு தோல்வி முறைக்கு ஆகும் அதே அளவுதான். விடியற்காலைப் பேருந்தில் வந்த பிள்ளை மட்டும் மூன்று ஆட்டங்களாவது ஆடிவிட்டே ஊர் திரும்புவான்.