பள்ளிவாசல் திண்ணையில் ஒரு கல்வி மேசை



பாலாற்றுப் படுகையில் மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் ஊர்களைத் தோல் பதனிடும் ஊர்கள் என்றே நாடறியும். அவை பள்ளிக்கூடம் கட்டிய ஊர்களும் ஆகும் என்பதை நாமே சில வேளை மறந்துவிடுகிறோம். வாணியம்பாடி முஸ்லிம் கல்விச் சங்கத்தார் 1919 ஆம் ஆண்டிலேயே இஸ்லாமியாக் கல்லூரியைத் தொடங்கினர். ஆம்பூரை அடுத்த உமராபாத்தில் காக்கா முஹம்மது உமர் அவர்கள் 1924 இல் ஜாமிஆ தாருஸ்ஸலாமை நிறுவினார். தோல் வணிகத்தில் ஈட்டியதை அறத்தில் செலவிட்ட கொடைவள்ளல் சி. அப்துல் ஹக்கீம் சாஹிப் அவர்களின் பெயரைத் தாங்கி 1965 இல் மேல்விஷாரத்திலும், மஸ்ஹருல் உலூம் என்னும் பெயரில் 1969 இல் ஆம்பூரிலும் கல்லூரிகள் எழுந்தன.

முன்னோர் கட்டடம் தந்தார்கள். இன்று நம் பிள்ளைகள் படிப்பை விடுவது கட்டடம் இல்லாமலா? இல்லை. கிடைக்க வேண்டிய உதவி இன்னதென்று வீட்டிற்குத் தெரியாமல், தெரிந்தபோது கடைசி நாள் கடந்துவிட்டதால், படிப்பைக் கைவிடும் பிள்ளைகளும் நம்மிடையே உண்டு.

தோல் கிடங்குகளில் ஆண்கள் வேலை செய்த காலம் போய், காலணித் தொழிற்சாலைகளில் பெண்கள் பெருமளவில் வேலை பார்க்கும் காலம் இது. ஆம்பூர்ப் பக்கத்தில் செருப்பின் மேற்பகுதியை வீட்டில் உட்கார்ந்தே ஜோடிக் கணக்கில் கையால் தைத்துக் கொடுக்கும் தாய்மார்களும் பலர். அரை நாள் வேலை போனால் அரை நாள் கூலி போயிற்று. அந்தத் தாய் தாலுகா அலுவலகத்திற்கு எத்தனை முறை நடப்பாள்? வீட்டில் உருது பேசி, உருதுவிலேயே எழுதப் படிக்கக் கற்ற தாய்க்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்ட விண்ணப்பம் எப்படி விளங்கும்? இதை அவளுடைய அலட்சியம் என்று சொல்வது நியாயமாகுமா?

தெரிந்துகொள்ள வேண்டியவை சில

முதலாவது, சாதிச் சான்றிதழ். 2007 ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழகத்தில் முஸ்லிம்களுக்குக் கல்வியிலும் அரசு வேலையிலும் 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு உண்டு. லெப்பை, தக்கனி, ஷேக், சையத், மாப்பிள்ளை, அன்சார், தூதேகுலா ஆகிய பிரிவினர் அதில் அடங்குவர். சான்றிதழ் கையில் இல்லாதவருக்கு இந்த உரிமை ஏட்டளவில்தான். பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்த பின் ஓடாமல், பிள்ளை ஐந்தாம் வகுப்பில் இருக்கும்போதே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கி வையுங்கள்.

இரண்டாவது, எட்டாம் வகுப்பு. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை சிறுபான்மை மாணவருக்குத் தந்துவந்த உதவித்தொகையை மத்திய அரசு 2022 இல் நிறுத்திவிட்டது. ஆயினும் அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் எட்டாம் வகுப்புப் படிப்போர் எழுதும் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வு இருக்கிறது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் மூன்றரை இலட்சத்திற்கு மேற்படாதிருக்க வேண்டும். தேர்ச்சி பெற்றுத் தெரிவாகும் பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்பு முதல் நான்கு ஆண்டுகள், ஆண்டுக்கு 12,000 ரூபாய். மொத்தம் 48,000 ரூபாய்! பள்ளியில் பெயர் கொடுக்காவிட்டால் இத்தனையும் போகும்.

மூன்றாவது, பெண் பிள்ளைகளின் உயர்கல்வி. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்துக் கல்லூரி சேரும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 இல் தொடங்கிற்று. 2024 டிசம்பரில் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தோருக்கும் அது விரிவாக்கப்பட்டது. பயிற்றுமொழியைத் தெரிவு செய்யுமுன் இதையும் எண்ணிப் பாருங்கள். நடப்பாண்டு விதிகளைத் தலைமையாசிரியரிடம் கேட்டறியுங்கள்.

இன்னுமொன்று. 2019 இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூர், வாணியம்பாடி மக்களுக்கு ஆட்சியர் அலுவலகம் இப்போது திருப்பத்தூரில், மேல்விஷாரத்தாருக்கு இராணிப்பேட்டையில், பேரணாம்பட்டார் வேலூரிலேயே இருக்கிறார்கள். பழைய வழக்கப்படி வேலூருக்குப் பேருந்து ஏறி ஒரு நாள் கூலியை இழக்க வேண்டாம்.

ஜமாஅத் செய்யத்தக்கது

இவற்றை ஒவ்வொரு வீடும் தனித்தனியே தேடியறிவது கடினம். மஹல்லா சேர்ந்தால் எளிது. பெரும் நிதி வேண்டியதில்லை. பள்ளிவாசல் திண்ணையில் ஒரு மேசை, ஒரு நோட்டுப் புத்தகம், படித்த இளைஞர் இருவர், வாரத்தில் ஒரு மணி நேரம். பெண்கள் தயக்கமின்றி வந்து கேட்க, மதரஸா அறையொன்றில் பட்டதாரிச் சகோதரி ஒருவர் அமரட்டும்.

அந்த நோட்டில் மஹல்லாவின் எல்லாப் பிள்ளைகளின் பெயரும் வகுப்பும் இருக்கட்டும். ஐந்து, எட்டு, பத்து, பன்னிரண்டு ஆகிய நான்கு வகுப்புகளுக்குச் சிவப்பு மையில் குறியிடுங்கள். பள்ளி மாறுவதும் படிப்பை நிறுத்துவதும் இந்தப் படிகளில்தான் மிகுதி. ஜூன் மாதத்தில் அந்தப் பெயர்களை எடுத்து, "பிள்ளை சேர்ந்துவிட்டதா?" என்று வீட்டில் போய்க் கேளுங்கள். பத்தாம் வகுப்போடு நின்று தொழிற்சாலை வாசலுக்குப் போகவிருக்கும் பையனை அந்த ஒரு கேள்வி தடுத்து நிறுத்தக்கூடும்.

ஜகாத்தையும் சதகாவையும் நாம் ரமலானில் வழங்குகிறோம். பள்ளிக்கூடமோ ஜூனில் திறக்கிறது. இடையில் பணம் செலவழிந்துவிடுகிறது. ஆலிம்களின் ஆலோசனை பெற்று, உரிய குடும்பங்களை ரமலானிலேயே தேர்ந்து, பைத்துல்மாலில் கல்விக்கென ஒரு பகுதியை ஒதுக்கினால் நோட்டுக்கும் சீருடைக்கும் கடன் வாங்கும் நிலை குறையும்.

தாய்மார்களுக்கு ஒரு சொல். அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும் என்றும், குழுவில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்றும் 2009 ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் கூறுகிறது. கழிப்பறை, குடிநீர், ஆசிரியர் பற்றாக்குறை பற்றிக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. கூட்டத்திற்கு அழைப்பு வந்தால் தவறாமல் செல்லுங்கள். தனியே செல்லக் கூச்சமாயின் இருவராய்ச் செல்லுங்கள்.

கல்லூரி கட்ட எல்லோராலும் இயலாது. ஒரு விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்க எழுதப் படிக்கத் தெரிந்த எவராலும் இயலும். வரும் ஜும்ஆவுக்குப் பின் உங்கள் முத்தவல்லியிடம் இதைப் பற்றிப் பேசுங்கள். மேசையில் முதலாவதாக அமர்பவர் நீங்களாகவே இருங்கள்.