மஞ்சள் குடலைக் காக்குமா?



வயிறு வலிச்சா நம்ம ஊர்ல முதல்ல கை போவது அஞ்சறைப் பெட்டிக்குத்தான். சுக்கு, நல்லமிளகு, ஓமம் எல்லாம் இடிச்சுக் கஷாயம் வைப்போம். சாதாரண வாயுக்கோளாறுக்கு அது போதும். ஆனால் எல்லா வயித்துவலியும் வாயு இல்லை.

நம்ம கூட்டமைப்பில் ஒரு அக்காவுக்குத் தொடை இடுக்கில் சின்னக் கட்டி இருந்தது. வெக்கப்பட்டு யாருகிட்டயும் சொல்லல. ஒருநாள் அது கல்லு மாதிரி இறுகி, தாங்க முடியாத வலி, வாந்தி. ராத்திரி முழுக்கக் கஷாயம் குடிச்சிட்டு, காலையில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். குடலில் ஒரு பகுதியை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று.

உள்ளே என்ன நடக்கிறது?

கட்டிக்குள் குடல் மாட்டிக்கொண்டாலோ, குடல் முறுக்கிக்கொண்டாலோ ரத்த ஓட்டம் நின்றுவிடும். குடலின் உள்சுவரில் உணவை உறிஞ்சும் சின்னச் சின்ன விரல்கள் போன்ற பாகங்கள் உண்டு. முதலில் பாதிக்கப்படுவது அவைதான். சில மணி நேரத்திலேயே குடல் அழுகத் தொடங்கும்.

இன்னொரு சங்கதியும் உண்டு. 1906-ல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையை நமக்கெல்லாம் தெரியும். கால்வாயை அடைச்சா கடைமடை வயல் வெடிக்கும். வெடிச்ச வயலுக்கு ஒரேயடியாத் தண்ணி பாய்ஞ்சா வரப்பும் உடையும். அதற்காகத் தண்ணி விடாமல் இருக்க முடியுமா? குடலும் அப்படித்தான். டாக்டர் முறுக்கை எடுத்துவிட்டதும் ரத்தம் பாய்ந்துதான் ஆக வேண்டும். ஆனால் அதோடு வரும் ஆக்சிஜனிலிருந்து திசுவை அரிக்கும் பொருள்கள் உண்டாகி, குடல் சுவர் மேலும் புண்ணாகும். அந்த வழியாகக் குடலிலுள்ள கிருமிகள் ரத்தத்தில் கலக்கலாம்.

மஞ்சள் என்ன செய்யும்?

மஞ்சளில் உள்ள குர்க்குமின், வெங்காயத்தில் உள்ள குவர்சிட்டின் போன்ற தாவரப் பொருள்களுக்கு இந்த அரிப்பைக் குறைக்கும் குணம் உண்டு. எலிகளின் குடல் ரத்தக்குழாயை அடைத்துத் திறந்து பார்த்த ஆராய்ச்சிகளில், இவற்றைக் கொடுத்த எலிகளுக்குப் புண் குறைவாக இருந்தது. நல்ல செய்திதான். ஆனால் மனிதருக்கு இது இன்னும் சிகிச்சையாக வரவில்லை. மஞ்சள்தூளில் குர்க்குமின் 100-க்கு 3 பங்கு அளவுதான். அதுவும் உடம்பில் எளிதில் சேராது. நல்லமிளகின் காரப்பொருள் சேர்ந்தால் அது ரத்தத்தில் பல மடங்கு கூடுதலாகச் சேரும் என்று 1998-ல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியினர் கண்டார்கள். ஆகவே குழம்பில் மஞ்சளும் மிளகும் தாராளமாகப் போடுவோம். ஆனால் மாட்டிக்கொண்ட குடலை எந்தக் கஷாயமும் விடுவிக்காது. டப்பாவில் விற்கும் மஞ்சள் மாத்திரையை டாக்டரிடம் கேட்காமல் வாங்க வேண்டாம்.

எப்போது உடனே போக வேண்டும்?

* தொடை இடுக்கு, தொப்புள், ஆபரேஷன் தழும்பு ஆகிய இடங்களில் உள்ள கட்டி இறுகி வலித்தால்
* வலியோடு தொடர்ந்து வாந்தி வந்தால்
* வயிறு உப்பி, மலமும் வாயுவும் போகாமல் நின்றால்
* வயதானவர், இதய நோயாளிக்குத் திடீரென்று கடும் வயித்துவலி வந்தால்

இப்படி வந்தால் விளக்கெண்ணெய், பேதி மாத்திரை, கஷாயம் எதுவும் வேண்டாம். கட்டியை அமுக்கவும் கூடாது. 108-க்குப் போன் செய்யுங்கள். நமக்கு ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

தொடை இடுக்கின் கீழ்ப்பக்கம் வரும் குடலிறக்கம் ஆண்களை விடப் பெண்களுக்கே அதிகம். குடல் மாட்டிக்கொள்ளும் ஆபத்தும் அதில் கூடுதல். வலி இல்லாதபோதே காட்டினால் சின்ன ஆபரேஷனோடு முடியும். அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் பேசுவோம். பயணச் செலவுக்குக் காசில்லை என்று யாரும் தள்ளிப்போடாமல் இருக்க, அவசர உள்கடனுக்கும் ஒரு தீர்மானம் போடுவோம்.

வெக்கப்பட்டது போதும், சகோதரிகளே. வாய்விட்டுச் சொல்லுவோம்!