சின்னக் காருக்குப் புது வில்

வில்வண்டியில் ஏறியவர்களுக்கு வில்லின் மகிமையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மேடு பள்ளமான பாதையில் கட்டை வண்டியில் வந்தவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்குவார். அதே பாதையில் வில்வண்டியில் வந்தவர் வெற்றிலையை மென்றுகொண்டே இறங்குவார். மோட்டார் காரின் அடியில் இருப்பதும் அந்த வில்லேதான். பட்டை பட்டையாக அடுக்கிய வில் போய், பெரும்பாலான சின்னக் கார்களில் சுருள் வில் வந்திருக்கிறது. அதற்குத் துணையாக ‘ஷாக் அப்ஸார்பர்’ என்னும் எண்ணெய்க் குழல் ஒன்றும் சேர்ந்திருக்கிறது.

கார் செய்தவர்கள் வைத்துக் கொடுத்த இந்த இரண்டையும் கழற்றி எறிந்துவிட்டு, வேறு கம்பெனியார் விற்கும் விறைப்பான ஸ்பிரிங்குகளைப் பூட்டிக்கொள்ளும் மோகம் நம் இளைஞர்களிடையே இருக்கிறது. 2005-ல் இந்தியாவில் மாருதி ஸ்விப்ட் விற்பனைக்கு வந்தது. லேசான உடம்பு, சக்கரத்தைத் திருப்பினால் சொன்னபடி கேட்கும் சுபாவம். அதை வாங்கியவர்களில் பலருக்கு, இன்னும் கொஞ்சம் தாழ்ந்து, இன்னும் கொஞ்சம் இறுகினால் பந்தயக் குதிரை ஆகிவிடும் என்று தோன்றுவது இயல்பே. அந்த ஆசையைக் குறை கூறுவது என் நோக்கமன்று. பணத்தை எடுத்து நீட்டுவதற்கு முன், எந்தச் சாமான் என்ன வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது என்றுதான் சொல்லுகிறேன்.

முதலில், ‘ஷாக் அப்ஸார்பர்’ என்ற பெயரே நம்மை ஏமாற்றுகிறது. சாலையின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது ஸ்பிரிங். வாங்கிய சக்தியை அது தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் திருப்பிக் கொடுத்துவிடும். ஆகையால் கார் ஊஞ்சல் போல ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் எண்ணெய்க் குழலின் உத்தியோகம். குழலுக்குள்ளே ஒரு பிஸ்டன் நுண்ணிய துவாரங்களின் வழியாக எண்ணெயைத் தள்ளிச் செல்கிறது. ஆட்டத்தின் சக்தி உஷ்ணமாக மாறி வெளியே போய்விடுகிறது. ஸ்பிரிங் சுமைதாங்கி, குழல் அடக்கி. இந்த வேற்றுமையை மறந்தவர்களே பெரும்பாலும் கடைக்காரரிடம் அகப்பட்டுக்கொள்கிறார்கள்.

ஸ்பிரிங் எவ்வளவு விறைப்பாக இருக்கலாம்? இழுப்புக்குத் தக்கபடி பலம் என்று ராபர்ட் ஹூக் 1678-ல் வெளியிட்ட விதியிலிருந்தே இதைக் கணக்கிடலாம். காரின் பளுவால் ஸ்பிரிங் 25 சென்டிமீட்டர் அமுங்கினால், அந்தக் கார் வினாடிக்கு ஒரு முறை மேலும் கீழும் ஆடும். 11 சென்டிமீட்டர் அமுங்கினால் ஒன்றரை முறை. 6 சென்டிமீட்டர்தான் அமுங்குகிறது என்றால் ஏறக்குறைய இரண்டு முறை. குடும்பக் கார்கள் ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் நடுவில் இருக்கும். விளையாட்டுச் சுபாவமுள்ள கார்கள் ஒன்றரையைத் தாண்டி இரண்டை நோக்கிப் போகும். இரண்டுக்கு மேலே போவது பந்தய மைதானத்தின் காரியம். கோயமுத்தூருக்கு அருகே செட்டிப்பாளையத்தில் 2003-ல் திறந்த கரி ஸ்பீட்வேயைப் போன்ற வழவழப்பான தளத்தில் அந்த விறைப்பு சோபிக்கும். மாருதி 800-ன் யந்திரத்தை வைத்து ஒற்றை ஆசனப் பந்தய வண்டிகளை உருவாக்கிய கரிவர்த்தனின் பெயரைத் தாங்கிய ஓடுதளம் அது. நம்மவர்களின் கைத்திறனுக்கு வேறு சாட்சி தேவையில்லை. ஆனால் அந்த ஓடுதளத்தில் பால்காரர் எதிரே வருவதில்லை. நடுச்சாலையில் குழாய்க்காகத் தோண்டிய பள்ளமும் இல்லை.

கம்பியின் கனம் சிறிது கூடினாலும் விறைப்பு வெகுவாக ஏறும் என்பதையும் கவனிக்க வேண்டும். விறைப்பு, கம்பியின் விட்டத்தின் நான்காவது வர்க்கத்தைப் பொறுத்தது. 12 மில்லிமீட்டர் கம்பி 13 மில்லிமீட்டர் ஆனால், மற்றவை மாறாதிருக்க, விறைப்பு 38 சதவிகிதம் கூடிவிடும். ஆகையால் சிவப்பு வர்ணத்தையும் பெட்டியின் மேலுள்ள படத்தையும் பார்த்து ஸ்பிரிங் வாங்கக்கூடாது. எத்தனை சதவிகிதம் விறைப்பு, எத்தனை மில்லிமீட்டர் தாழ்வு என்று கேட்க வேண்டும். விடை சொல்லத் தெரியாத கடையைவிட்டு வெளியே வந்துவிடலாம்.

இதைவிட மோசமானது, பட்டறையில் பழைய ஸ்பிரிங்கையே ஒரு சுற்று அறுத்துவிடும் சிக்கனம். ஆறு சுற்றில் ஒன்று போனால் விறைப்பு 20 சதவிகிதம் ஏறும், காரும் தாழும். கணக்கில் லாபம் போலத்தான் தோன்றும். ஆனால் ஸ்பிரிங்கின் முனை தன் கிண்ணத்தில் ஒழுங்காக உட்கார வேண்டும் என்பதற்காக அதற்கென்று ஒரு வடிவம் கொடுத்திருக்கிறார்கள். அது போய்விடுகிறது. ஒரு பள்ளத்தில் சக்கரம் முழுதும் கீழே தொங்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து இடம் மாறினால், அதன் விளைவை நான் வர்ணிக்க வேண்டியதில்லை.

தாழ்வைப் பற்றியும் ஒரு கணக்குப் போடுவோம். 2024-ல் வந்த ஸ்விப்ட் வண்டிக்கும் சாலைக்கும் நடுவே, ஆளில்லாதபோது, 163 மில்லிமீட்டர் இடைவெளி. 40 மில்லிமீட்டர் தாழ்த்தினால் மீதி 123. பின் ஆசனத்தில் பெரியவர்கள் ஏறி உட்கார்ந்து, பெட்டிகளும் ஏறினால் இன்னும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் போகும். மீதி கிட்டத்தட்ட 10 சென்டிமீட்டர். இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம். அப்படியானால் இடிக்குமோ என்றால், இடிக்காது! தடையின் அகலம் காரின் இரு சக்கர இடைவெளியான 2.45 மீட்டரைவிடப் பெரிது. கார் அதன் நடுவே நிற்கும்போது நான்கு சக்கரங்களும் தடையின் சரிவிலேயே ஏறியிருக்கும். வயிற்றுக்கு நேரே மேடு துருத்துவது நாலரை சென்டிமீட்டருக்கும் குறைவு. விதிப்படி கட்டிய தடை நமக்குச் சத்துருவன்று. தெருமுனையில் யாரோ இரவோடிரவாகக் கொட்டி வைத்த, முழங்கை அகலமுள்ள குட்டிக் கரடுதான் சத்துரு. முன்சக்கரம் இறங்கிய பிறகு அதன் முழு உயரமும் காரின் வயிற்றுக்கு வந்து சேரும். நாட்டிலுள்ள எல்லாத் தடைகளையும் விதிப்படி கட்டி முடிக்கும் வரையில் 15, 20 மில்லிமீட்டருக்கு மேல் தாழ்த்துவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

தாழ்த்துவதால் சக்கரம் மேலே எழும்ப உள்ள இடமும் குறைகிறது. எழும்பிய சக்கரம் ரப்பர்த் தடுப்பில் போய் முட்டியதும் வில்லின் மென்மை ஒரே நொடியில் மறைந்து, கட்டை வண்டியாகிவிடுகிறது. வளைவில் இது நேர்ந்தால் டயர் பிடிப்பை இழக்கும். போதாக்குறைக்கு, ஸ்விப்டின் முன்பக்கத்திலுள்ள மக்பர்ஸன் அமைப்பில் காரை மிகத் தாழ்த்தினால் கீழ்க் கைகள் மேல்நோக்கிச் சாய்ந்துவிடும். அப்போது வளைவில் கார் சாய்வது குறைவதற்குப் பதிலாகக் கூடவும் கூடும். பார்வைக்கு அழகு, நடைக்குக் கேடு.

என் பழைய மாணாக்கன் ஒருவன் இத்தகைய காரில் என்னை ஏற்றிக்கொண்டு போனான். ஸ்பிரிங் புதிது, விறைப்பானது. குழல்களோ 60,000 கிலோமீட்டர் உழைத்தவை. ஒவ்வொரு மேட்டிலும் கார் ஒரு முறை குதித்து, அடங்காமல் மறுபடியும் குதித்தது. பிரேக் பிடித்தபோது முகம் குப்புறக் கவிழ்ந்தது. “இன்னும் கெட்டியான ஸ்பிரிங் போட வேண்டும் ஸார்” என்றான். வைத்தியம் நேர் எதிரிடை என்று அவனிடம் சொன்னேன். ஸ்பிரிங்கின் விறைப்பு 30 சதவிகிதம் ஏறினால், ஆட்டம் முன்போலவே அடங்க, குழலின் தடையும் சுமார் 14 சதவிகிதம் ஏற வேண்டும். தேய்ந்த குழல்களோ இருந்த தடையையும் இழந்து நின்றன. ஒரு மாதம் கழித்து, கம்பெனி ஸ்பிரிங்குகளையே திரும்பப் போட்டு, நான்கு குழல்களையும் புதிதாக மாற்றிக்கொண்டு வந்தான். மறுபடியும் ஏறிப் போனேன். வண்டி சொன்னபடி கேட்டது.

ஆகவே, ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் குழலுக்கே செலவிடுக. இரட்டைக் குழல் உள்ளது மலிவு, மென்மை. ஒற்றைக் குழலில் வாயு அழுத்தம் உள்ளது உஷ்ணத்தை நன்றாக வெளியேற்றும், நுரைக்காது. பிரெஞ்சுக்காரரான தெ கார்போன் கண்டுபிடித்த இந்த முறையை ஜெர்மனியின் பில்ஸ்டைன் கம்பெனியார் 1957-ல் மெர்ஸிடிஸ் கார்களுக்குக் கொண்டுவந்தார்கள். நீண்ட மலைப்பாதையில் அடிக்கடி வேகமாகப் போகிறவருக்கு அதன் விலை வீண் அன்று. மற்றவர்களுக்கு அசலான புதுக் குழலே போதும். 1961 முதல் இந்தியாவிலேயே குழல் செய்துவரும் கேப்ரியல் போன்ற கம்பெனிகள் இருக்க, அயல்நாட்டுப் பெயருக்காக மட்டும் மூன்று பங்கு விலை கொடுப்பானேன்? திருகித் திருகி விறைப்பை மாற்றக்கூடிய குழல்கள் வேறு உண்டு. அவற்றை முழுதும் திருகி வைத்துவிடுகிறவர்கள்தான் அதிகம். குழல் மேலெழும்புவதை வரம்பு மீறித் தடுத்தால், அடுத்தடுத்து மேடு வரும் சாலையில் ஸ்பிரிங் விரிய நேரமின்றிக் கார் மேலும் மேலும் கீழே அமுங்கிவிடும்.

முன்சக்கரம் இழுக்கும் வண்டிகளில் பின்பக்கத்தை மட்டும் இறுக்கினால் வளைவில் கார் சுறுசுறுப்பாகத் திரும்பும் என்பது உண்மை. மழை நாளில் வால் வெளியே வீசுவதும் அதே காரணத்தாலேதான். ஆகவே முன்பின் இரண்டையும் ஒரே தயாரிப்பாளரின் தொகுப்பாகவே வாங்க வேண்டும்.

சட்டமும் ஒன்று இருக்கிறது. 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. சுப்ரீம் கோர்ட்டும் 2019 ஜனவரியில் இதை வலியுறுத்தித் தீர்ப்பளித்திருக்கிறது. தேய்ந்த குழலுக்குப் பதில் அதே அளவுக் குழல் போடுவது ஒரு விஷயம். வண்டியின் உயரத்தையே மாற்றுவது வேறு விஷயம். பின்னதைச் செய்ய நினைப்பவர் வட்டாரப் போக்குவரத்து ஆபீஸிலும் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலும் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும்.

எதை மாற்றினாலும் ஒரே அச்சின் இரண்டு பக்கத்தையும் சேர்த்தே மாற்றுக. சக்கரங்கள் தரையில் ஊன்றி, காரின் பளு முழுதும் இறங்கிய பிறகுதான் கீழ்க் கைகளின் ரப்பர் புஷ்களிலுள்ள போல்ட்டுகளை முடுக்க வேண்டும்; தூக்கி நிறுத்திய நிலையில் முடுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். பிறகு சக்கரக் கோணங்களைச் சரிபார்த்தல். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஸ்பிரிங்குகள் சற்றே படியும். அப்போது இன்னொரு முறை.