கடல் கடந்த கடிதவுறைகள்

பழைய கடிதமொன்று கைக்கு எட்டியவுடன் முத்திரையைக் கத்தரித்தெடுத்து உறையை எறிந்துவிடுவோர் பலர். கப்பல்வழி வந்த கடிதங்களைப் பொறுத்தவரை இஃது உமியைப் பேணி அரிசியை எறிதலை ஒக்கும். முத்திரை நாட்டின் பெயரையும் கட்டணத்தையும் மாத்திரமே உணர்த்தும். கடிதம் சென்ற வழியையும் காலத்தையும் உணர்த்துவன உறையும் அதன்மீது பதிந்த தபாற்குறிகளுமேயாம்.

முத்திரை தோன்றியது 1840 ஆம் ஆண்டிலே பிரித்தானியாவிலாகும். அதற்கு முன்னரே கப்பற் கடிதங்கள் இருந்தன. 1799 ஆம் ஆண்டிலே அந்நாட்டில் இயற்றப்பட்ட சட்டப்படி, தனியார் கப்பலின் தலைவன் தான் கொணர்ந்த கடிதங்களைத் தபாற் பகுதியாரிடம் ஒப்புவித்து, கடிதமொன்றுக்கு இரண்டு பென்சு பெற்றான். தபாற் கந்தோரார் அவற்றின்மீது 'கப்பற் கடிதம்' என்னும் குறியைப் பதித்தனர். முத்திரையொன்றையே நாடுபவன் கண்ணுக்கு இத்தகைய கடிதம் வெற்றுத்தாளாகவே தோன்றும்.

நடுக்கடலிலே கப்பலில் இடப்படும் கடிதத்துக்கு அக்கப்பலின் கொடிக்குரிய நாட்டு முத்திரையை ஒட்டலாமென 1891 ஆம் ஆண்டின் வியன்னா மகாநாட்டிலே அகிலலோகத் தபாற் சங்கம் விதித்தது. இதனாற் பிரித்தானிய முத்திரையிற் கொழும்புத் தபாற்குறி விழுதல் இயல்பாயிற்று. இதற்குரிய காரணத்தை விளக்குவது 'பாக்கெபோ' என்னும் பிரெஞ்சுச் சொல்லாலாய குறி. அது பெரும்பாலும் முத்திரைக்குப் புறத்தே, உறையிற் பதிக்கப்படும். முத்திரையை மாத்திரம் வெட்டியெடுத்தவனுக்கோ புதிரே எஞ்சும்.

கப்பற் சேதத்தினின்று மீண்ட உறைகள் இன்னும் அரியன. 1871 நவம்பர் 1 ஆந் திகதி பீ. அன்ட் ஓ. கம்பனியாரின் றங்கூன் என்னும் நீராவிக் கப்பல், அவுஸ்திரேலியாவுக்குரிய தபாலோடு காலித் துறைமுகத்துக்கு வெளியே பாறையில் மோதி மூழ்கிற்று. பின்னர் மீட்கப்பட்ட கடிதங்கள் சிலவற்றில், 'றங்கூன் சேதத்தினின்றும் காக்கப்பட்டது' எனப் பொருள்படும் ஆங்கிலக் குறி காணப்படுகின்றது. நீரில் ஊறி முத்திரை கழன்றுபோயினும் அத்தகைய உறையின் மதிப்புக் குன்றாது. அக்கறையே அதன் வரலாறு.

ஆதலின் சேகரிப்போர் உறையை முழுமையாகவே பேணல் வேண்டும். அனுப்பிய இடத்துக் குறியின் திகதியையும் பெற்ற இடத்துக் குறியின் திகதியையும் ஒப்பிட்டாற் பயண நாட்கள் புலனாகும். ஈரமும் பூச்சியும் அணுகாத இடத்தில், பசையிட்டு ஒட்டாது, உறைகளை வைத்தல் நன்று.

மலாயாவிலே புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் தொழில் புரிந்த யாழ்ப்பாணத்தவர் பலர் தம் இல்லங்களுக்கு எழுதிய கடிதங்களும் கப்பலேறி வந்தவையே. அவற்றுட் சில பழைய பெட்டகங்களில் இன்னும் எஞ்சியிருத்தல் கூடும். வீடு துப்புரவு செய்யும் நாளிலே அவை நெருப்புக்கு இரையாயின், அக்குடும்பங்கள் கடல் கடந்து வாழ்ந்ததற்கான சான்றும் உடன் அழியும்.