தூதர்களின் பொது ஏடு

வெளிநாட்டுத் தூதரகத்தில் பணியாற்றும் அதிகாரி ஓரிடத்தில் பெரும்பாலும் இரண்டு, மூன்று ஆண்டுகளே தங்குவார். அந்நாட்டில் எவரை அணுகினால் காரியம் கைகூடும், முன்னைய பேச்சுவார்த்தை எதனால் முறிந்தது என்பனவெல்லாம் அவருக்கு விளங்குவதற்குள் மாற்றல் உத்தரவு வந்துவிடும். அவர் புறப்படும்போது அவர் தேடிய அறிவும் உடன் புறப்பட்டுவிடும். பின்வருபவர் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டியதுதான். மாற்றலாகி ஊர் ஊராய்க் குடிபெயரும் நம் குடும்பங்கள் இத்தொல்லையை நன்கு அறியும்.

இக்குறையைப் போக்க அமெரிக்க வெளியுறவுத் துறை 2006-இல் 'டிப்ளோபீடியா' என்னும் கலைக்களஞ்சியத்தைத் தன் உள் கணினி வலையில் தொடங்கிற்று. 1995-இல் வார்ட் கன்னிங்காம் என்பார் வெளியிட்ட 'விக்கி' முறையே இதற்கு அடிப்படை. ஹவாய் மொழியில் அச்சொல்லுக்கு விரைவு என்பது பொருள். விக்கிப்பீடியாவை இயக்கும் அதே மென்பொருள்தான் இதனையும் இயக்கிற்று. துறையைச் சார்ந்த எவரும் இதில் எழுதலாம். பிறர் எழுதியதைத் திருத்தலாம். பழைய வடிவங்களும் அழியாமல் இருக்கும். சில ஆண்டுகளிலேயே 10,000-க்கு மேற்பட்ட கட்டுரைகள் சேர்ந்தன.

விக்கிப்பீடியாவில் பெயர் மறைத்தும் எழுதலாம்; இங்கோ ஒவ்வொரு திருத்தமும் எழுதியவர் பெயரோடு நிற்கும். பெயர் நிற்பதால் பொறுப்பும் நிற்கிறது. ஐயம் எழின் யாரைக் கேட்பது என்பதும் தெரிகிறது. மந்தணச் செய்திகளுக்கு இதில் இடமில்லை.

இவ்வரம்பு இன்றியமையாதது. 2001-ஆம் ஆண்டுத் தாக்குதலை ஆராய்ந்த குழு, அரசின் துறைகள் தத்தம் செய்திகளைப் பூட்டி வைத்தது பெருங்கேடாயிற்று என்று 2004-இல் உரைத்தது. 2010-இலோ, பல துறையினருக்கும் எட்டும்படி வைத்திருந்த தூதரகத் தந்திகளில் ஏறத்தாழ 2,50,000 வெளியே கசிந்தன. பூட்டினாலும் கேடு, முற்றத் திறந்தாலும் கேடு. ஆகவே எதனைப் பகிர்வது, எதனைக் காப்பது என்று பிரித்தறிதலே அரசுக்கு அழகு.

ஆயினும் கருவி மட்டும் அறிவைச் சேர்த்துவிடாது. 'நானறிந்ததைப் பிறரும் அறிந்தால் என் மதிப்புக் குன்றுமே' என்னும் அச்சம் அலுவலகந்தோறும் உண்டு. அவ்வச்சம் நீங்கி, விடைபெறுமுன் நான்கு வரி எழுதிவைப்பவரே பின்வருபவருக்கு வழிகாட்டியாவார். அவர் போன பின்னும் அவர் அறிவு அங்கே பணிபுரியும்.