கொம்பைலர் மாறினால் எதை மீளக் கட்டுவது?

கணினியில் நாம் பாவிக்கும் மென்பொருட்கள் பெரும்பாலும் ஆயத்தமாகவே வந்து சேர்கின்றன. வேறெங்கோ ஒருவர் கட்டிப் பொதி செய்து வைத்ததை நாம் இறக்கி நிறுவுகிறோம். ஜென்ட்டூ லினக்ஸ் அப்படியல்ல. டேனியல் ரொபின்ஸ் தொடக்கி வைத்து, 2002 இல் 1.0 பதிப்பாக வெளிவந்த இந்த இயங்குதளம் நமக்குத் தருவது மூல நிரலை. அதை இயந்திர மொழியாக்கும் வேலை நமது மேசையிலேயே நடக்கிறது. அந்த வேலையைச் செய்வதுதான் தொகுப்பான் எனப்படும் கொம்பைலர். ஜென்ட்டூவில் வழமையாக இருப்பது ஜீ.சீ.சீ.

தமிழ் படிப்பிக்கிற ஆளுக்கு இதில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்பதுண்டு. எனக்கென்றால் இது மொழிப் பிரச்சினையாகவே தெரிகிறது. நமது முன்னோர் அரபுத்தமிழில் எழுதிய ஒரு பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். அதையே தமிழ் எழுத்திலும் எழுதலாம். சொல் ஒன்றுதான், பொருளும் ஒன்றுதான். ஆனால் ஓர் எழுத்தை மட்டும் அறிந்தவரிடம் மற்றதை நீட்டினால் அவர் என்ன செய்வார்? மூல நிரல் என்பது அந்தப் பாடல். கொம்பைலர் அதை எழுதித் தரும் முறைதான் ஏ.பீ.ஐ. தனித்தனியாகக் கட்டப்பட்ட இரு நிரல்கள் ஒன்றையொன்று வாசிக்க வேண்டுமானால், இரண்டும் ஒரே முறையில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

புதிய ஜீ.சீ.சீ வந்ததும் ஜென்ட்டூ பழகும் பிள்ளைகள் முதலில் கேட்பது இதைத்தான்: "சேர், இனி எல்லாத்தையும் திரும்பக் கட்டணுமா?" எமேர்ஜ் என்ற கட்டளையால் கணினியிலுள்ள எல்லாவற்றையும் மீளக் கட்டலாம். பழைய கணினி ஒன்றில் அது நாட்கணக்கில் ஓடும். மின்கட்டணமும் சும்மா வராது. ஆகவே கேள்விக்குச் சரியான விடை வேண்டும்.

விடை, பெரும்பாலும் தேவையில்லை என்பதே. சீ மொழியில் எழுதப்பட்டவற்றின் எழுத்துமுறை மிக உறுதியானது. கொம்பைலர் மாறினாலும் அவை பாட்டில் ஓடும். சிக்கல் வருவது சீ++ இல். அங்கும் 2004 இல் வந்த ஜீ.சீ.சீ 3.4 முதல் அதன் பொது நூலகம் ஒரே பெயரில் இருந்து வருகிறது. பழைய நிரலுக்குப் புதிய நூலகம் பொருந்தும்படி அதைப் பேணியும் வருகிறார்கள்.

அப்படியிருந்தும் 2015 இல் ஜீ.சீ.சீ 5 வந்தபோது ஒரு கலக்கம் ஏற்பட்டது. பழைய சீ++ இல் ஒரு சொற்றொடரைப் பல இடங்களில் பிரதி செய்தால், உண்மையில் ஒரே பிரதியை எல்லோரும் பங்கிட்டுக்கொள்வார்கள். யாராவது அதைத் திருத்தும்போதுதான் தனிப் பிரதி உருவாகும். 2011 ஆம் ஆண்டின் சீ++ தரம் இதை அனுமதிக்கவில்லை. எனவே சொற்றொடரின் உள்ளமைப்பே மாறியது. பொது நூலகம் பழைய முறை, புதிய முறை இரண்டையும் தன்னுள் வைத்துக்கொண்டது. ஆனால் பூஸ்ட் போன்ற பிற நூலகங்கள் அப்படிச் செய்யவில்லை. பூஸ்டைப் புதிதாகக் கட்டிவிட்டு அதை நம்பியிருக்கும் நிரலைப் பழையபடி விட்டால், நிரல் பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிடும். பூஸ்டிடம் புதிய பெயர்தான் இருக்கும்.

இங்கே ஜீ.சீ.சீ செய்தவர்களின் முன்யோசனையைச் சொல்லத்தான் வேண்டும். புதிய முறையில் எழுதப்பட்ட பெயர்களில் ஓர் அடையாளத்தைச் சேர்த்துவிட்டார்கள். அதனால் பொருந்தாத இரண்டும் பெரும்பாலும் இணையவே மாட்டா. பிழைச்செய்தி காட்டி நின்றுவிடும். இணைந்து ஓடி, இடைநடுவில் தரவைக் குழப்புவதைவிட இது எவ்வளவோ மேல். பிழைச்செய்தியைக் கண்டு பயப்படுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

அப்போதும் ஜென்ட்டூ முழுவதையும் கட்டச் சொல்லவில்லை. ரெவ்டெப்-ரீபில்ட் என்ற கருவியிடம் சீ++ பொது நூலகத்தின் பெயரைக் கொடுத்தால், அதனோடு இணைந்தவற்றை மட்டும் தேடி எடுத்து மீளக் கட்டும். கொம்பைலரை மட்டும் அந்தப் பட்டியலிலிருந்து விலக்கிவிட வேண்டும்.

முழுவதையும் கட்டச் சொன்ன சந்தர்ப்பமும் உண்டு. 2017 நவம்பரில் 17.0 என்ற புதிய அமைப்பு வந்தது. நிரல்கள் நினைவகத்தில் எந்த முகவரியிலும் ஏறக்கூடியவாறு கட்டப்படுவது அதில் வழமையாயிற்று. முகவரி நிலையாக இல்லாவிட்டால் தாக்குபவருக்கு இலக்குத் தெரியாது என்பது அதன் பாதுகாப்பு. ஆனால் பழைய முறையில் கட்டிய நிலைநூலகங்கள் இப்படியான நிரல்களோடு ஒட்டாது. அங்கே முழுவதையும் கட்டுவதே வழி.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முன்னே போவது இலகு, பின்னே திரும்புவது கஷ்டம். புதிய கொம்பைலரால் கட்டிய சீ++ நிரல் புதிய பொது நூலகத்தைத் தேடும். ஜென்ட்டூவில் அந்த நூலகம் ஜீ.சீ.சீயோடு சேர்ந்தே வருகிறது. புதியதை அகற்றிவிட்டுப் பழையதுக்குத் திரும்பினால் அந்த நிரல் எழும்பாது.

ஆகவே என்னிடம் கேட்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். கட்டளை அடிக்க முதல், ஜென்ட்டூ தரும் அறிவித்தலை வாசியுங்கள். எழுத்துமுறை மாறியிருக்கிறதா, மாறியிருந்தால் எந்த மொழியில், யார் யாரோடு இணைந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அதன் பிறகு தேவையானதை மட்டும் கட்டுங்கள். மூலம் கையில் இருப்பவருக்கு எதையும் மீளக் கட்டலாம். எதைக் கட்டத் தேவையில்லை என்று அறிந்தவருக்குத்தான் நேரம் மிச்சம்.